சல்லடை அக்காவும் மேனேஜர் திரையும்

'உங்களைப் பற்றி எழுதப் போகிறேன்' என்று நான் சொன்னதும் சல்லடை அக்கா இரண்டே கேள்விகள் கேட்டார். "எத்தனை பேர் படிப்பாங்க?" என்பது முதல் கேள்வி. "அதுல எங்க மாமியார் உண்டா?" என்பது இரண்டாவது. மாமியார் கண்ணில் படாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் அனுமதி கிடைத்தது. எந்த விஷயத்தையும் இப்படி இரண்டு கேள்வியில் சலித்து, வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுவார். காய்கறிக் கடையில் அப்படித்தான், கல்யாணப் பேச்சில் அப்படித்தான், கைபேசியில் வரும் சொந்தக்காரர் குழுக்களிலும் அப்படித்தான். அந்தக் குழுக்களில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஊமை. அந்த ஒன்றும் மாமியார் இருக்கும் குழு என்பதால் பிழைத்தது.

எங்கள் வேலை என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் அப்பாவைப் போல நீங்களும் 'டிவி பாக்குற வேலை' என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பல நிறுவனங்களின் கணினிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடம், ஒரு பால் கம்பெனியின் குளிர் அறைகள், ஒரு பார்சல் கம்பெனி, இப்படிப் பலர் எங்களை நம்பித் தூங்குகிறார்கள். மானிட்டர் என்றதும் மேசைமேல் இருக்கும் திரைதான் உங்கள் நினைவுக்கு வரும். எங்கள் தொழிலில் மானிட்டர் என்றால் காவல்காரன். ஒரு காவல்காரனுக்கு ஒரே வேலை. குளிர் அறையில் சூடு ஏறுகிறதா என்று ஒருவன் பார்ப்பான். பரிசோதனை முடிவு டாக்டரின் திரைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இன்னொருவன் பார்ப்பான். எல்லாம் சரி என்றால் அவன் வரிசை பச்சை. கெட்டுப்போகப் பார்த்தால் மஞ்சள், கெட்டுப்போனால் சிவப்பு.

இப்படி ஆயிரக்கணக்கான காவல்காரர்கள். அத்தனை பேரும் ஒரே பட்டியலில் பக்கம் பக்கமாக நிற்பார்கள். பட்டியலின் இடது ஓரத்தில் ஃபில்டர்கள் இருக்கும். எந்தக் குழுவுடையது, சிவப்பா பச்சையா, யார் உருவாக்கியது, வாயைக் கட்டி ஊமையாக்கி வைத்ததா என்று ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் கூட்டம் கரைந்து, நமக்கு வேண்டியவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு இது தெரியாது. பட்டியலைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே போனேன். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பட்டதாரி, ஊர்ல இருக்கிற கிணத்தையெல்லாம் எட்டிப் பாத்துக்கிட்டிருந்தா எப்போ தண்ணி குடிக்கிறது?"

திரும்பினேன். கணவருடைய ஸ்வெட்டரைக் கை மடித்துப் போட்டுக்கொண்டு, ஏசி குளிருக்குக் காதில் துண்டு கட்டியிருந்த ஒரு பெண். அவர்தான் சல்லடை அக்கா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறி இறங்கியவன் நான். என் மேசையில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டில் பட்டத்தையும் சேர்த்து எழுதியிருந்தேன். இன்றும் அது அப்படியேதான் இருக்கிறது, எனக்கு அதில் கூச்சமில்லை. அக்கா அந்தச் சீட்டில் பெயரைச் சலித்துத் தள்ளிவிட்டுப் பட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் பட்டதாரி.

அக்காவின் அப்பா லாரி ஓட்டியவர். அம்மா வீட்டிலேயே தையல். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு ஒரு இணையக் கம்பெனியில் புகார் தொலைபேசி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, அஞ்சல் வழியில் டிகிரி முடித்தார். நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் காதில் வாங்கிக்கொள்ளும் வேலை அது. மூன்று மாதத்தில் ஓடிவிடுவார்கள் என்பார்கள். அக்கா வருஷக்கணக்கில் இருந்தார்.

"கத்துறவனுக்கெல்லாம் அவசரம் இல்ல தம்பி," என்பார். "தொண்டை கிழியக் கத்துறவன் படம் பாதியில நின்னுபோச்சுன்னு கத்துவான். 'சாரிங்க, தொந்தரவு பண்றேன்'னு ஒருத்தர் மெதுவா ஆரம்பிப்பார் பாரு, அவர் கடையில காலையிலேருந்து யாவாரமே நடந்திருக்காது."

அந்தக் காதோடு இங்கே வந்தார். வந்த வருஷமே கல்யாணமும் ஆனது. அதற்குத் தரகர் ஒரு மானிட்டர்தான். எங்கள் சர்வர் அறையில் சூடு ஏறினால் கத்துவதற்கு அக்கா ஒரு காவல்காரனை வைத்திருந்தார். ஒரு கோடையில் அவன் கத்தினான். ஏசி மெக்கானிக் வந்தார், சரி செய்தார், போனார். மறுவாரம் மறுபடி கத்தினான். அதே மெக்கானிக் வந்தார். அதற்கடுத்த வாரமும். நாலாவது தடவை அவர் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தபோது அறை முழுக்கப் புரிந்துபோனது. வேண்டுமென்றே அரைகுறையாகச் சரிசெய்துவிட்டுப் போனாரா என்று அக்கா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது எங்களுக்கெல்லாம் மாமாவாகிவிட்ட அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "கம்ப்ரஸர் பழசு" என்ற ஒரே பதில்தான்.

கல்யாணம் ஆனதே தவிர, இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. மாமாவுக்குக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை வேலை. அக்காவுக்கோ மாமா வீடு திரும்பும் நேரத்தில் தொடங்கும் ஷிஃப்ட். வார விடுமுறையும் இருவருக்கும் வேறு வேறு நாள்.

"எங்க குடும்பமே மாடிப்படியில நடக்குது," என்று அக்கா சிரித்துக்கொண்டுதான் சொல்வார். "அவர் ஏற, நான் எறங்க. சாவி கை மாறும். 'சாப்டியா?' 'சாப்டேன்.' முடிஞ்சுது. நாலு வருஷமா இதான். அவரு காலையில எப்படிக் காபி குடிப்பாருன்னு கேட்டாக்கூட எனக்குத் தெரியாது."

சிரிப்புதான். ஆனால் பகல் ஷிஃப்டுக்குத் தலைமை தாங்குபவர் வேலையை விட்டுப் போகிறார் என்று செய்தி வந்த அன்று அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பதவிக்கு ராத்திரி வேலை கிடையாது. காலையில் வந்து சாயங்காலம் போகலாம். அக்கா விண்ணப்பித்தார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மீசையும் விண்ணப்பித்தார். மீசை நல்ல மனிதர், மீசையும் நல்ல மீசை. பார்சல் கம்பெனியை அவர் குழு பார்த்துக்கொண்டது. ஆஸ்பத்திரியும் பால் கம்பெனியும் அக்காவின் குழு. யாருக்குப் பதவி என்று வெள்ளிக்கிழமை சொல்வதாகவும், அதுவரை விண்ணப்பித்தவர்கள் பகலிலேயே வந்து ராத்திரிவரை இருக்க வேண்டும் என்றும் மேனேஜர் அறிவித்தார்.

மேனேஜர் எங்கள் அறைக்குப் புதிது. சில மாதங்களுக்கு முன் வேறு பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவருக்குத் தனி அறை, தனிப் பெரிய திரை. காலையில் வந்ததும் அந்தத் திரையில் காவல்காரர்களின் பட்டியலைத் திறந்து வைத்துவிடுவார். சாயங்காலம்வரை அது மூடாது. ஒவ்வொரு திங்களும் சாயங்காலம் அக்கா வந்ததும் உள்ளே கூப்பிடுவார். வெளியே வரும்போது அக்காவின் முகம் புளி தின்ற மாதிரி இருக்கும்.

"என்னக்கா சொன்னாரு?"

"அதே பாட்டுதான். 'எப்பப் பாத்தாலும் உங்க டீமே ஏன்மா சிவப்பா இருக்கு? மத்த டீம்லாம் எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க'ன்றாரு."

"அமைதியா? மீசையண்ணன் டீம்ல நேத்து பாதி நாள் பார்சல் எங்க போகுதுன்னே தெரியல!"

"அதைத்தான் நானும் சொல்ல வாயெடுத்தேன். கூட வேலை பாக்குறவரைப் போட்டுக் கொடுக்கிற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்."

அந்த வாரத் திங்கட்கிழமை மேனேஜர் ஒருபடி மேலே போய்விட்டார். "பதவி கொடுக்கிறப்போ நான் இதையும் பாக்கணும் இல்லையாம்மா?" என்றாராம். அதாவது பகல் ஷிஃப்ட் மீசைக்கு. மாடிப்படிக் குடும்பம் தொடரும்.

செவ்வாய்க்கிழமை பகலில் மேனேஜரின் திரை உறைந்து நின்றுவிட, அதைப் பார்க்க அக்காவையும் என்னையும் கூப்பிட்டார். அவர் ஒரு தொலைபேசி அழைப்புக்காக வெளியே போனார். நான் குனிந்து மேசைக்கடியில் கம்பிகளைப் பிடுங்கி மாட்டினேன். திரை உயிர் பெற்றது. பட்டியல் வந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். மேனேஜருக்குக் கண்ணாடி போடப் பிடிக்காது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். எழுத்து பெருத்ததில் இடது ஓரத்து ஃபில்டர் பத்தி இடமில்லாமல் மடிந்து உள்ளே போய்விட்டிருந்தது. மேலே இருக்கும் தேடல் பெட்டியும் பாதி மறைந்திருந்தது.

அக்கா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பட்டதாரி, எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கு."

ஆக்கினேன். மடிந்திருந்த பத்தி வெளியே வந்தது. அதில் 'குழு' என்ற இடத்தில் ஒரே ஒரு பெயருக்கு நேராக டிக். அக்காவின் குழு. பக்கத்தின் தலைப்பு, 'எங்க வேலை'. அக்கா தனக்காக ஃபில்டர் போட்டுச் சேமித்து வைத்திருந்த பக்கம் அது.

 அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, அவர் வந்த முதல் நாள் 'எல்லா மானிட்டரும் எங்க பாக்கலாம்'னு கேட்டாருடா. அவசரத்துல என் திரையில தெறந்திருந்த லிங்கையே அனுப்பிட்டேன். லிங்கோட ஃபில்டரும் சேந்து போகும்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான்!"

மேனேஜர் அந்த லிங்கை அப்படியே குறித்து வைத்துக்கொண்டு, இத்தனை மாதமாக அதையே திறந்து பார்த்திருக்கிறார். அவர் கண்ணுக்கு உலகத்தில் அக்காவின் காவல்காரர்கள் மட்டும்தான். சிவப்பு வந்தால் அது அக்காவின் சிவப்பாகத்தானே இருக்க முடியும்? மீசையின் பார்சல் கம்பெனி தீப்பிடித்து எரிந்தாலும் அந்தத் திரையில் ஒரு புகை தெரியாது. மனிதர் அதை அமைதி என்று எடுத்துக்கொண்டார்.

நான் எழுத்தைப் பழையபடி பெரிதாக்கினேன். மேனேஜர் வந்தார், நன்றி சொன்னார், நாங்கள் வெளியே வந்தோம்.

தேநீர் கொதிக்கும் மூலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போது நினைத்தாலும் அது புத்திசாலித்தனமான யோசனைதான்.

"அக்கா, அது நீங்க சேமிச்ச பக்கம். நீங்க உங்க சீட்ல இருந்தே அதுல எதை மாத்தினாலும் அவர் திரையிலயும் மாறும்."

"ஆமா."

"நிலைன்ற இடத்துல பச்சைக்கு மட்டும் ஒரு டிக் போடுங்க. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர் பாக்குறதெல்லாம் பச்சை. 'ஆஹா, திட்டினதும் திருந்திட்டாங்க'ன்னு நினைச்சுப்பாரு."

அக்கா கோப்பையை ஊதிக்கொண்டே யோசித்தார். இல்லை என்று உடனே சொல்லவில்லை. அதை நான் எழுதத்தான் வேண்டும். கணவரோடு நாலு வருஷமாகப் படியில் குடும்பம் நடத்துகிறவர் ஒரு சொடுக்கைப் பற்றி யோசிக்கத்தான் செய்வார்.

"சனிக்கிழமை?" என்றார் கடைசியில்.

"சனிக்கிழமை என்ன?"

"பதவி வந்த மறுநாள் பால் கம்பெனி குளிர் அறை ஒண்ணு நிஜமாவே படுத்துக்குதுன்னு வையி. கூடுதல் ஆள் வேணும்னு இவர்கிட்டதான் போய் நிக்கணும். இவர் திரையைக் காட்டி, 'எல்லாம் பச்சையாதானேம்மா இருக்கு, எதுக்கு ஆளு?'ம்பாரு. அப்போ என்ன பதில் சொல்றது? கண்ணைக் கட்டிவிட்டது நான்தான்னா?"

"அப்போ மீசையண்ணன் ஃபில்டரை அவருக்கு மாட்டி விட்டுடலாமா?"

"பட்டம் வாங்கினதே இதுக்குத்தானாடா?" என்று தலையில் தட்டிவிட்டு எழுந்தார். "நானே போய்ச் சொல்றேன். என்கூட வா. தனியா போனா அழுதுருவேன்."

நாங்கள் உள்ளே போனபோது மீசையும் அங்கே உட்கார்ந்திருந்தார். மேனேஜர் அவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தால் வெள்ளிக்கிழமை செவ்வாயிலேயே வந்துவிட்டது போலிருந்தது.  அக்கா நேராகக் கேட்டார்.

"சார், ஒரு உதவி. பார்சல் கம்பெனி மானிட்டர் ஏதாவது ஒண்ணைத் தேடிக் காட்டுங்களேன். பச்சையா இருந்தாலும் பரவாயில்ல."

மேனேஜர் புரியாமல் பார்த்தார். ஆனாலும் பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். முதல் பக்கம், அடுத்த பக்கம், கடைசிப் பக்கம்.

"ஒண்ணும் சிவப்பு இல்லையேம்மா."

"சிவப்பைக் கேக்கல சார். பச்சையைக் காட்டுங்க."

மறுபடி உருட்டினார். இந்தத் தடவை மெதுவாக. அவர் புருவம் ஏறியது.

"பச்சையும் இல்லையே. எங்கேப்பா உன் மானிட்டரெல்லாம்?" என்று மீசையிடம் கேட்டார்.

மீசை நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருக்குமே சார், நூத்துக்கணக்குல இருக்கே!"

அக்கா எழுத்தைச் சின்னதாக்கினார், மடிந்திருந்த பத்தியைக் காட்டினார், தன் குழுவின் பெயருக்கு நேராக இருந்த டிக்கை எடுத்தார். பட்டியல் மடை திறந்த மாதிரி கொட்டியது. பக்கங்களின் எண்ணிக்கை எகிறியது. பார்சல் கம்பெனி, பள்ளிக்கூடங்கள், பேருந்து நிறுவனம், பெயர் கேள்விப்படாத எதெல்லாமோ. பச்சைக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்பு. மீசையின் வரிசைகளில் இங்கும் அங்கும் மட்டுமல்ல, எங்கும்.

"இவ்வளவு நாளா நான்..." என்று மேனேஜர் திரையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லிங்க் அனுப்பினது நான்தான் சார். என் ஃபில்டரோட அனுப்பிட்டேன். நீங்க பாத்தது சரியாதான் பாத்தீங்க, ஆனா என் வீட்டை மட்டும் பாத்தீங்க. தப்பு என்னோடதுதான்."

 மேனேஜரின் காது சிவந்தது. அதற்கு எந்த ஃபில்டரும் தேவைப்படவில்லை. கோபம் யார்மேல் போவது என்று தெரியாமல் அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் பக்கத்தில் இருந்த மீசைமேல் போய் விழுந்தது.

"என்னய்யா இது? இவ்வளவு சிவப்பை வெச்சுக்கிட்டுத்தான் என் எதிர்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டிருந்தியா?"

மீசையின் மீசை தொங்கிப்போனது. அக்கா அப்படியே விட்டிருக்கலாம். வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்த நேரம் அது. ஆனால் அவர் கை தானாக இடது பத்திக்குப் போனது.

"அவசரப்படாதீங்க சார். பார்சல் கம்பெனியில இந்த வாரம் மிஷின் மாத்துறாங்க. அதுக்காக அண்ணன் பாதியை ஊமையாக்கி வெச்சிருக்காரு. ஊமையைத் தள்ளிடுவோம்." ஒரு சொடுக்கு. பெரும்பாலான சிவப்பு மறைந்தது. "இது பழைய கம்பெனி, நம்மளை விட்டுப் போய் வருஷமாச்சு. காவல்காரனை மட்டும் யாரும் அனுப்பல. அதையும் தள்ளுவோம்." இன்னொரு சொடுக்கு. "இப்போ மிச்சம் இருக்கு பாருங்க, இந்தக் கைப்பிடி அளவுதான் இன்னிக்கு நீங்க கேள்வி கேக்க வேண்டியது. இதுல ரெண்டு என்னோடது, மூணு அண்ணனோடது."

"மூணுமே நெஜம்தான் சார்," என்றார் மீசை, பிழைத்த நிம்மதியில். "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

மேனேஜர் அந்த ஐந்து வரிகளையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, நாங்கள் ஒருவரும் அதுவரை பார்த்திராத ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி, எல்லாரும் போய் வேலையைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மூன்று நாளும் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. தப்பை ஒப்புக்கொண்டவருக்கு யார் பதவி கொடுப்பார்கள் என்று ஒரு பக்கம். போதாக்குறைக்கு மேனேஜர் முழுப் பட்டியலைப் பார்க்கத் தொடங்கியதில் எல்லாக் குழுவுக்கும் தலைவலி. கண்ணாடிக் கதவு நிமிஷத்துக்கு ஒருதரம் திறக்கும். "பேருந்து கம்பெனியில ஏன் மஞ்சள்?" "இந்த மானிட்டர் பேரு ஏன் 'சும்மா'ன்னு இருக்கு?" உண்மையிலேயே அப்படி ஒரு மானிட்டர் இருந்தது. யார் வைத்த பெயரோ. அறையில் பலர் அக்காவைப் பார்த்த பார்வையில் பாசம் இல்லை.

"சும்மா கிடந்த சங்கை எடுத்து ஊதினது நீங்கதானே?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் வெளியே வந்து அறையின் நடுவில் நின்றார். நீண்ட பேச்சு ஏதும் இல்லை.

"மூணு நாள் இந்தப் பட்டியலை முழுசா பாத்தேன். தல சுத்துது. இதுல எதைப் பாக்கணும், எதை விடணும்னு தினம் காலையில எனக்கு ஒருத்தர் சொல்லணும். அதை எனக்குப் பிடிச்ச மாதிரி சொல்லாம, இருக்கிற மாதிரி சொல்லணும்." அக்காவின் பக்கம் திரும்பினார். "திங்கள்லேருந்து பகல் ஷிஃப்டு உங்க பொறுப்பும்மா. ஒரே ஒரு விண்ணப்பம். இனிமே எனக்கு லிங்க் அனுப்பாதீங்க, நேர்ல வந்து காட்டுங்க."

அறையே சிரித்தது. முதலில் கை தட்டியவர் மீசை. அக்காவுக்கு அருகே வந்து, "பதவி போனது போகட்டும்மா, அன்னிக்கு மானம் போகாம காப்பாத்தினியே," என்றார். அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏசி காற்று கண்ணில் படுகிறது என்று சொன்னார். ஏசிக்காரர் மனைவி சொன்னால் நம்பித்தானே ஆக வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அக்கா வந்து உட்கார்ந்ததும் நான் கேட்டேன்.

"எப்படிக்கா இருந்துது முதல் நாள் சாயங்காலம்? மாமா என்ன பண்ணாரு?"

"அதை ஏன் கேக்குற. ரெண்டு பேரும் எதிரெதிரே உக்காந்து சாப்பிட்டோம். திடீர்னு அந்த மனுஷன் பாட ஆரம்பிச்சுட்டாரு."

"பாட்டா?"

"தட்டுல தாளம் போட்டுக்கிட்டு! தினமும் சாப்பிடும்போது பாடுவாராம். நாலு வருஷமா வீட்டுல ஒரு பாடகன் இருந்திருக்கான், எனக்குத் தெரியவே தெரியாது."

"நல்லா பாடுவாரா?"

"கேவலமா பாடறாருடா," என்றார் அக்கா. சொல்லும்போதே முகம் முழுக்கச் சிரிப்பு. "ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டேன், பாட்டு முடிஞ்சுடக் கூடாதேன்னு."